அப்படி ஒருவரும் இங்கே இல்லை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. இதற்கு முன் இரண்டொருவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு வசதியான இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டேன். இந்தமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் பதினொரு வருடம் தட்டச்சாளராக இருந்தேன். இடம் கேட்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் போகும் பதில்கள் எல்லாம் நான் அடித்தவைதான். இடம் கிடைத்தவர்களுக்கு நாலு தாள் போகும். மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம், இன்ன திகதிக்கு வாருங்கள், இன்ன சான்றிதழ்களைக் கொண்டுவாருங்கள், மழைக்காலத்தில் சப்பாத்து இன்ன நிறம் என்பதுவரை இருக்கும். கிடைக்காதவர்களுக்கு ஒரே தாள், மூன்றே வசனம். முதலாவதில் நன்றி, இரண்டாவதில் வருத்தம், மூன்றாவதில் எதிர்காலத்துக்கு வாழ்த்து. "விண்ணப்பங்கள் பெருந்தொகையாகக் கிடைத்தமையால்" என்று நடுவில் ஒரு தொடர் வரும். ஒரு வருடம் மொத்தமாகப் பத்தொன்பது பேர்தான் விண்ணப்பித்தார்கள். அந்த வருடமும் அதையே அடித்தேன்.

அந்தக் கடிதங்களில் யாரும் எதையும் செய்திருக்கமாட்டார்கள். எல்லாம் தன்பாட்டில் நடந்திருக்கும். பரிசீலிக்கப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது, வருத்தத்துடன் அறியத்தரப்படுகிறது. ஒருமுறை ஒரு தகப்பன் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, "தங்கச்சி, இதில ஓம் எண்டு கிடக்கோ இல்லை எண்டு கிடக்கோ?" என்று கேட்டார். மூன்று தரம் வாசித்தாராம், பிடிபடவில்லையாம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லை எண்டுதான் ஐயா" என்றேன்.

இந்த வேலை எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தைத் தந்துவிட்டது. மரியாதையான சொல்லைக் கண்டால் அதற்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன். உறையைக் கையில் வாங்கினாலே உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று பாரத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மனிதர்களையும் அப்படிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வேலையை விட்ட பிறகு, வீட்டில் சும்மா கிடந்த ஓர் அறையை வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினோம். அப்போது போர்க்காலம், வெள்ளவத்தையில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு படிவத்தில் நிரப்பி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தி, கதவுக்குப் பின்னால் வைத்திருக்க வேண்டும். செக்கிங் வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். படிவத்தில் இல்லாத ஒரு தலை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரனும் அவரோடு ஜீப்பில் ஏறவேண்டியதுதான். அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தவள் நான். என் கணவர் கையெழுத்து என்றாலே பின்வாங்குகிறவர்.

அறைக்கு வடக்கிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். இருபது வயது இருக்கும். கணவரின் தூரத்து உறவு ஒருவர் கொண்டுவந்து விட்டார். அடையாள அட்டையைப் பார்த்துப் படிவத்தை நிரப்பியவர் என் கணவர். கட்டத்தில் இடம் போதாது என்று, அவளுடைய தகப்பனின் நீளமான பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் போட்டு, அவளுடைய பெயரை முழுதாக எழுதினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே. அந்த ஓர் எழுத்துக்குள் என்ன பெயர் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவரும் அடுத்த நாளே மறந்துவிட்டார்.

அப்பா இல்லை என்று சொன்னாள். ஹெவ்லொக் டவுனில் இங்கிலீஷ் கிளாசுக்குப் போகிறேன் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். எனக்கோ அந்த அமைதியே பிடிக்கவில்லை.

காலை பத்தரை மணியானால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தபால்காரர் வரும் நேரம் அது. கிளாஸ் இல்லாத நாட்களில் ஏதாவது ஒரு சாட்டில் முன்கதவுக்கும் கேற்றுக்கும் நடப்பாள். மாதத்தில் ஒருநாள் கொம்யூனிக்கேஷன் கடைக்குப் போய் வெளிநாட்டுக்குக் கதைத்துவிட்டு வருவாள். யாரோடு என்று கேட்டால், "மாமாவோட, அன்ரி" என்பாள். எந்த மாமா, என்ன கதை என்று வாயே திறக்கமாட்டாள். இப்படிக் காத்திருக்கும் ஒரு பெண்ணைக் கண்டால் வேறு ஊரில் காதல் என்று நினைப்பார்கள். அந்தக் காலத்து வெள்ளவத்தையில் அப்படி நினைக்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. என் மனம் நேராக இயக்கம், பொலிஸ், நாலாம் மாடி விசாரணை என்றுதான் ஓடியது.

ஒருநாள் காலை தபால்காரர் வந்தபோது நான்தான் கேற்றடியில் நின்றேன். அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒரு நீளமான உறையைக் காட்டி, "மெயா மெஹே இன்னவத, நோனா?" என்று கேட்டார். இந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று.

வெளிநாட்டு முத்திரை. அனுப்பியவர் பெயர் இல்லை. பின்பக்கத்தில் ஒரு தபால்பெட்டி இலக்கம் மட்டும் இருந்தது. முன்பக்கத்தில் எங்கள் விலாசம் சுத்தமாகத் தட்டச்சில் அடித்திருந்தது. மேலே திரு என்று போட்டு, ஒரு முதலெழுத்து, அதன் பின் ஒரு நீண்ட ஆண்பிள்ளைப் பெயர். எங்கள் படிவத்தில் இருந்த ஒரே ஆண்பிள்ளை என் கணவர்தான். உறையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாலைந்து தாளாவது இருக்கும். யாரோ ஓர் ஆள் என் வீட்டு விலாசத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து கட்டாகக் கடிதம் எடுப்பிக்கிறான் என்று நினைத்ததும் உறையை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"நே, எஹெம கெனெக் மெஹே நே" என்றேன். அப்படி ஒருவரும் இங்கே இல்லை.

அவர் உறையில் ஏதோ கிறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கேட்டால் உசாராகிவிடுவாளே! சந்தேகப்படுகிறவர்கள் கேட்கமாட்டார்கள், கவனிப்பார்கள். நானும் கவனித்தேன். அவள் தபால்காரரைப் பார்த்து ஏமாந்து திரும்பும் ஒவ்வொரு நாளும், பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்தக் கிழமை அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் படிவத்தில் இல்லாத ஒருவர் பிடிபட்டு, வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஒழுங்கையே பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அப்போதுதான், யாரோ பதில் தபால்காரர் கேட்காமலே போட்டுவிட்டுப் போன இரண்டாவது கடிதம் எங்கள் தபால்பெட்டிக்குள் கிடந்தது. அதே ஆண்பிள்ளைப் பெயர், அதே முத்திரை. இந்தமுறை உறை மெல்லியது.

கணவரிடம் காட்டினேன்.

"ஆரடி இவன்?"

"எனக்கெப்படித் தெரியும்? அவளுக்குத்தான் தெரியும்."

"அப்ப கொண்டுபோய்ப் பொலிசில குடு. எங்களுக்கேன் வில்லங்கம்? நாளைக்கு அவங்களாக் கண்டுபிடிச்சா எங்களைத்தான் கேப்பாங்கள்."

நான் மறுப்புச் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன் என்பதுதான் உண்மை. சேலையை மாற்றிக்கொண்டு, கைப்பைக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பதிவுக்கு வந்த எங்கள் ஆட்கள் வெளியே வரிசையாக நின்றார்கள். நானும் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்.

நிற்க நிற்க ஒரு யோசனை வந்தது. இதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது? தெரியாது என்றால் நம்புவார்களா? எதைக் கொடுக்கிறேன் என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உறையை ஓரமாகக் கிழித்தேன்.

அது ஒரு கல்லூரிக் கடிதம். இங்கிலாந்தில் எக்ஸ்ரே எடுக்கும் தொழிலைப் படிப்பிக்கும் ஒரு கல்லூரி. தலைப்பில் விண்ணப்பகாரரின் பெயர் முழுதாக இருந்தது. முதலில் அந்த ஆண்பிள்ளைப் பெயர், பிறகு ஒரு கமா, பிறகு எங்கள் அறையில் இருக்கும் பிள்ளையின் பெயர்.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அவள் தகப்பன் பெயரை எழுதியிருக்கிறாள். வேறு எதை எழுதுவாள்? வெள்ளைக்காரர் உறையில் அதை முழுதாக எழுதி, அவள் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் திரு என்றும் போட்டுவிட்டார்கள். நாங்கள் தகப்பனைச் சுருக்கினோம், அவர்கள் மகளைச் சுருக்கினார்கள். இரண்டு சுருக்கலுக்கும் நடுவில் அந்தப் பிள்ளையைக் காணாமல் போக்கியவள் நான்.

நானும் தொழில்காரிதானே, கடிதத்தை வரிவரியாக வாசித்தேன். தங்களுக்கு இடம் வழங்கி நாம் அனுப்பிய கடிதம், அப்படி ஒருவர் அந்த விலாசத்தில் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்துள்ளது. பதில் கிடைக்காததால் அந்த இடம் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம். இது தங்களை வந்தடைந்தால், இன்னமும் விருப்பம் இருந்தால், இன்ன திகதிக்கு முன் எழுதவும். பதினொரு வருடத்தில் நான் அடித்த ஒரு மறுப்புக் கடிதத்திலும் அந்தக் கடைசி வசனம் இருந்ததில்லை. மேலே இருக்கும் யாரோ ஒருவர் வேண்டுமென்று சேர்க்கச் சொன்னால்தான் அது வரும். திகதிக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

நான் வரிசையை விட்டு விலகினேன். பின்னால் நின்ற ஓர் அம்மா, "என்ன தங்கச்சி போறியள்? உங்கட முறை வரப்போகுது" என்றார். தலையிடிக்கிறது என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? உறையைச் சோற்றுப்பருக்கையால் ஒட்டித் தபால்பெட்டிக்குள் போட்டுவிடலாமா என்று பார்த்தது. கிழிந்த உறை ஒட்டாது என்று தெரிந்த பிறகுதான் அந்த எண்ணத்தை விட்டேன். இதில் என் நேர்மை ஒன்றும் இல்லை.

அவள் கிளாசால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் என் தொழிலின் பாஷையிலேயே தொடங்கினேன். "பிள்ளை, உமக்கு வந்த கடிதம் ஒண்டு தவறுதலாத் திரும்பிப் போட்டுதாம். அதால ஒரு இடம் இல்லாமப் போச்சுதாம்" என்று கடிதத்தை நீட்டினேன்.

அவள் அங்கேயே நின்று வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆர் அன்ரி திருப்பினது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை என் பதினொரு வருடத்தில் எந்தக் கடிதமும் எதிர்கொண்டதில்லை. திருப்பப்பட்டது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று வாய் உன்னியது. "நான்தான்" என்றேன். பொலிஸ் வரிசையில் நின்றதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் உறையில் இருந்த தகப்பன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடம்பெயர்ந்து வரும் வழியில் அவர் இறந்துபோனார் என்பதும், வெளிநாட்டு மாமா காசு கட்டிப் படிப்பிக்கிறேன் என்று சொல்ல, விண்ணப்பித்ததில் அந்த ஒரு இடம்தான் கிடைத்தது என்பதும், வெளிநாட்டு அலுவல் சரிவரும் முன் வெளியே சொன்னால் கண்ணூறு என்று தாய் சத்தியம் வாங்கியிருந்ததும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. கடைசியாக ஒன்று சொன்னாள்.

"ஒருக்காக் கேட்டிருக்கலாமே அன்ரி. கிளாஸ் இல்லாத நாள் எண்டா நான் உள்ளுக்கதானே நிண்டிருப்பன்."

கிளாஸ் இல்லாத நாள்தான். முதல் கடிதம் வந்த அன்று அவள் நான் சொன்னதற்காகக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நின்றாள். எந்த நாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருந்தது. அதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.

பழைய தட்டச்சு இயந்திரத்தை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். அவள் தன் கடிதத்தை எழுதினாள், நான் என்னுடையதை அடித்தேன். கடிதம் தவறுதலாகத் திருப்பப்பட்டது என்று தொடங்கி, தாளை உருவிக் கிழித்தேன். பிறகு அடித்தேன்: அப்படி ஒருவரும் இல்லை என்று தபால்காரரிடம் சொன்னவள் நான். அது பொய். அவள் இங்கேதான் இருக்கிறாள். இந்த ஊரில் எனக்குத் தெரியாத ஒரு பெயரைக் கண்டு நான் பயந்துவிட்டேன். கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதை வழியில உடைச்சு வாசிச்சாங்கள் எண்டா?" என்றார். வாசிக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

பதில் வந்தது. இந்த வருடத்து இடம் போனது போனதுதான், மாற்ற முடியாது. அடுத்த வருடம் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்காரரின் கடிதம் கவனத்திற் கொள்ளப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் கவனத்திற் கொள்ளப்பட்டது என்றால் கடிதக் கோவைக்குள் போட்டு மூடியாயிற்று என்று அர்த்தம். அவர்களிடத்தில் என்ன அர்த்தமோ, நான் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அன்றிலிருந்து வெளியே போகும்போது அறைக்குப் பூட்டுப் போட்டாள். தபால்பெட்டித் திறப்பை நானே அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு வருடம் என்று எழுத ஒரு சொல். அந்த வருடம் வெள்ளவத்தையில் இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் போயிருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாவது மாதம், ஒரு காலை செக்கிங்கில், நிரந்தர விலாசம் வடக்கு என்பதற்காக அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மகிழ்ச்சியான முதலாவது கடிதத்தை அவள் கையில் வாங்கியிருந்தால், அந்த நேரம் அவள் இங்கிலாந்தில் ஒரு வகுப்பில் இருந்திருப்பாள்.

படிவத்தையும் கல்லூரியின் புதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அதே நிலையம். இந்தமுறை உள்ளேயே போய்விட்டேன். மேசையில் இருந்த அதிகாரி படிவத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். கடிதத்தில் செல்வி என்பதற்குப் பின்னால் இருந்த ஆண்பிள்ளைப் பெயரில் விரலை வைத்து, "மே கவுத?" என்று கேட்டார். இது யார்?

"தாத்தாகே நம, மஹத்தயா" என்றேன். தகப்பனுடைய பெயர். எங்கள் பெயர்கள் எப்படி எழுதப்படும், வெள்ளைக்காரர் எப்படிப் புரட்டுவார்கள் என்று உடைந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டு, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். அவள் முழுப் பெயரையும் சொன்னாள். அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்தார். இன்னும் சில மணிநேரம் இருத்தி வைத்துவிட்டுப் பின்னேரம் போகவிட்டார்கள்.

அடுத்த செப்டெம்பரில் அவள் போய்ச் சேர்ந்தாள். போகும்போது நன்றி என்றாள், பெருநாளுக்கு ஒரு கார்ட் போட்டாள். என்னை மன்னித்தாளா என்று தெரியாது. அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எங்களைச் சந்தேகப்படுவதையே வேலையாக வைத்திருந்த அந்தப் பொலிஸ் அதிகாரிகூட, இது யார் என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் முடிவெடுத்தார். ஒரே பானையில் அவளோடு சோறு சாப்பிட்ட நான் அதைக்கூடக் கேட்கவில்லை.